ஒரே காய்ச்சலில் நீயும் நானும்

இன்று ஆழ்வார்பேட்டையில் பேருந்து நின்றபோது, முன் இருக்கையில் இருந்தவர் நீலகிரித் தைலப் புட்டியைத் திறந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாதா கோயில் பாடகர் குழுவில் எனக்கு மூச்சிழுப்பு வரும்போதெல்லாம் நீ நீட்டுகிற தைலம் அது. "உன் நெஞ்சு தகர டப்பா, மச்சி" என்பாய்.

நீ பலசாலி. விடிந்தால் அடையாறு பாலம் வரை ஓடித் திரும்புகிறவன். அந்த மழைக்காலத்தில் இருவரும் நிமோனியாவில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தபோது எல்லோரும் எனக்காகத்தான் ஜெபித்தார்கள். நீ எப்படியும் எழுந்துவிடுவாய் என்றார்கள். எனக்குக் காய்ச்சல் இறங்கியது. உன்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மருந்து வேலை செய்யவில்லையா என்று டாக்டரிடம் கேட்டேன். செய்தது, கிருமி பெரும்பாலும் அழிந்துவிட்டது என்றார்.

"கிருமிய அடிக்க வந்த வெள்ளை அணுக்கள் இன்னும் அடிக்கறத நிறுத்தல. அவரோட நுரையீரலையே புண்ணாக்குது."

அந்தப் புண்ணில் ரத்தக் குழாய்கள் கசிந்து, காற்று இருக்க வேண்டிய சின்னச் சின்ன அறைகளில் நீர் நிறைந்துவிட்டதாம். எனக்கு மட்டும் அது ஏன் அடங்கியது என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

உன் சாவுக்கு நான் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உன் அடக்கத்தன்று நான் இருமியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், உடம்பே கூசிப்போனது. அதன்பிறகு உன் மனைவி ஸ்டெல்லாவைத் தூரத்தில் கண்டாலே ஏதாவது கடைக்குள் நுழைந்துவிடுவேன்.

போன வாரம் நந்தனம் பேருந்து நிறுத்தத்தில் அவளே என் எதிரில் வந்து நின்றாள்.

"என்னப் பாத்தா ஏன்ணா ஒதுங்கிப் போய்க்கினே இருக்கீங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "உன் எதிர்ல நல்லா மூச்சு வுட்டுக்கினு நிக்க வெக்கமா கீதும்மா."

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"மூச்சுக்கு டியூப் போடறதுக்கு முன்னாடி, 'அவன் எப்படி கீறான்'னு கேட்டாரு. நல்லா கீறாருன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் கண்ண மூடுனாரு."

ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நீ திணறினாயாம். இருந்த அந்தக் கொஞ்ச மூச்சிலும் என்னை விசாரித்திருக்கிறாய். இதைக் கேட்டபின் வெட்கம் குறையவில்லை, கூடியிருக்கிறது. என்னிடம் உன் மிச்சமாக இருப்பது அந்தக் கேள்விதான்.

வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். நாளை போகிறேன்.