நீக்கிவிட்டு வரவும்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். புளி உலுக்கியாச்சு, கொட்டை எடுப்பது பாக்கி. லேப்டாப்பைப் பாறைக்குத் தூக்கிப் போனேன். அங்கேதான் சிக்னல். புளி ஏல விலையை நான் சத்தமாகப் படிக்க, ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்கும்.

இன்று ஏலத் தளத்தில் விலை இல்லை. ஒரு சிவப்புக் கட்டம். என் பாழாய்ப்போன வாய், பழக்கத்தில் அதையும் உரக்கப் படித்துவிட்டது: “உங்கள் பிரவுசரில் ‘கோலம்’ எக்ஸ்டென்ஷன் உள்ளது. வழங்குவது, பெண்கள் அடைக்கல மையம். நீக்கிவிட்டு வரவும்.”

பாதியில் நிறுத்தியிருக்கலாம். என் பிரவுசருக்குள் என்ன இருந்தால் அவனுகளுக்கு என்ன?

என் வீட்டுக்காரன் சிரித்தபடியே எழுந்தான். ஊர் முன்னால் ‘அவர்’. இந்த நோட்டில் அவன்.

10, செவ்வாய்

இடது கை தூக்க வரவில்லை. உதடு கிழிசல். புளி உலுக்குகிற கோலால்தான். பிறகு முடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான், மோதினான்.

மாமியார் அடுப்பை விட்டு எழவில்லை. “கத்தாத, வெளிய கேக்கும்.” எனக்குத்தான் சொன்னார்.

வாங்க: உப்பு, தீப்பெட்டி, வலி மாத்திரை.

11, புதன்

பாறைக்கு இழுத்துப் போனான். நாங்கள் இருவர் மட்டும். அவன் கையில் கல். “மொதல்ல அத தூக்குடி.” நீக்கினேன். பிறகு மையத்தின் பக்கத்தைத் திறக்கச் சொன்னான்.

சாமை உப்புமா. படத்தோடு, செய்முறையோடு.

செங்கம் சந்தையில் கோலத்தை ஏற்றிக் கொடுத்த மையத்து அக்கா சொன்னது அப்படியே நடந்தது. கோலம் இருந்தால் பக்கம் கண்டுகொண்டு உள்ளே விடும். இல்லையென்றால் வெறும் சமையல். மடையன், நீக்குவதற்கு முன்னால் பக்கத்தைத் திறக்கச் சொல்லியிருந்தால் இன்றைக்கே என்னைக் கொன்றிருப்பான்.

அவனுக்குப் படிக்க வராது. படம் போதும். “இதுக்கா இம்மாம் மறைச்ச?” என்று கல்லைப் போட்டான். என் கால்மேல்.

இரவு அதே உப்புமா கேட்டான். செய்தேன். விஷம் இருந்திருந்தால் கலந்திருப்பேன்.

12, வியாழன்

வெயில். நொண்டிக்கொண்டே பாறை. தளம் உள்ளே விட்டது, விலையைப் படித்தேன். அந்த விலை கட்டுமா கட்டாதா என்று ஆட்கள் சண்டை போட்ட சமயத்தில் கோலத்தைத் திரும்ப ஏற்றினேன். மையத்தின் பக்கம் திறந்தது. ஒரே கேள்வி: வண்டி அனுப்பவா?

அழுத்தினேன். “நாளை காலை, ஜீப், ரோட்டு வளைவு.”

எதிரில் உட்கார்ந்தபடியே அவன் கேட்டான். “இன்னா போட்டுக்கீது? படி.”

ஊர் கேட்க உரக்கப் படித்தேன்: “விலையில் மாற்றம் இல்லை.”

13, வெள்ளி

பனி. எதிரே ஆள் தெரியவில்லை. அவன் தூக்கம். மாமியார் அடுப்படியில் முழித்திருக்கிறார். வாசலுக்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். புளிக் கோல் இப்போது என் கையில். குறுக்கே யார் வந்தாலும் அடிப்பேன். வளைவில் ஹாரன்