அரை ஸ்வரம் மேலே

கோர்லிட்ஸ்
மார்ச், ஞாயிறு மதியம்

அன்புள்ள ஹார்ட்முட்,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பீர்கள். பயப்படாதீர்கள். லோதார் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்குகிறார். அவர் எழுந்திருப்பதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

நீங்கள் ஹைடனின் நால்வர் இசையைக் கேட்டுக்கொண்டிருப்பதாக எழுதிய கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் வரவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். 'இப்போது கேட்டுக்கொண்டிருப்பது' என்றுதானே உங்கள் இருவர் கடிதமும் தொடங்கும். அதற்கப்புறம்தான் உடம்பு, மழை, மனைவி எல்லாம். லோதாருக்கு அந்த முதல் வரி எழுத வரவில்லை. அவர் இப்போது எதையுமே கேட்பதில்லை. ரேடியோவைப் போடுவார், முகத்தைச் சுளிப்பார், அணைத்துவிடுவார்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. என் முழங்கால் படிக்கட்டைக் கண்டாலே மக்கர் செய்கிறது. கீழ்வீட்டுக்காரர் மறுபடி குழாயை உடைத்துவிட்டார். இதெல்லாம் பழகியதுதான். நான் அலுத்துப்போயிருப்பது வேறொன்றால்.

முதலில் லோதார், "எல்லாரும் சுருதிய ஏத்திட்டாங்க ரோஸி, பளபளன்னு கேக்கணுமாம்" என்றார். வாத்தியக் குழுக்கள் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதை நீங்கள் இருவரும் எத்தனையோ வருடமாகத் திட்டுகிறீர்களே, அதனால் நானும் தலையாட்டினேன். பிறகு, நீங்கள் எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த பிராம்ஸ் இசைத்தட்டைப் போட்டார். தட்டு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லி, பிளேயரைப் பிரித்துப் போட்டார். அது இன்னும் பிரித்தபடியே கிடக்கிறது. அப்புறம் பியானோவைக் குறை சொன்னார். கடைசியில் சுருதி பார்க்க அவர் அப்பா வைத்திருந்த இசைக்கவையை மேசையில் தட்டி, காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் பொய் சொல்லுது. இரும்பும் தேயும்ல" என்றார். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அதன் ஸ்வரத்தைச் சொல்லிவிடும் உங்கள் இருவருடைய காது எனக்குக் கிடையாது. பெயர் சொன்னால்தான் ஸ்வரம் தெரியும். இருந்தாலும் ஒரு நிமிடம், கவைதான் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். இத்தனை காலம் அவர் காதை நம்பியே வாழ்ந்துவிட்டேன்.

போன ஞாயிறு தேவாலயத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தான் நடத்தும் பாடகர் குழுவுக்கு அவர் எப்போதும் கவையில்லாமல், தன் நினைவிலிருந்துதான் முதல் ஸ்வரத்தைப் பாடிக் கொடுப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றும் கொடுத்தார். வாத்தியம் இல்லாமல் முதல் சரணத்தைப் பாடினோம். கனத்த குரல்காரர்கள் அவ்வளவு கீழே எட்டாமல் தரையைத் தேடினார்கள். என்னருகில் நின்ற டீட்டர், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும் சாக்கில், "இன்னிக்கு என்ன ரோஸ்விதா, உன் வீட்டுக்காரர் எங்களப் பாதாளத்துக்கு அனுப்புறாரு" என்று முணுமுணுத்தான். இரண்டாம் சரணத்தில் ஆன்யா ஆர்கனில் சேர்ந்தாள். நாங்கள் அரை ஸ்வரம் கீழே இருந்தோம். கேட்கச் சகிக்கவில்லை, ஹார்ட்முட். லோதார் திரும்பி ஆன்யாவை முறைத்தார். அவள் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "ஆர்கனையும் ஏத்திட்டாங்க, யாரும் எங்கிட்ட சொல்லல" என்றார். சூப்பைத் தொடவில்லை.

என் காதைக் காட்டுவதாகச் சொல்லி ஒரு டாக்டரிடம் போனேன். ஸ்வரத்தைப் பெயரோடு கேட்கும் காதுக்காரர்கள் சிலருக்கு, வயதானால் எல்லாம் உயரமாகக் கேட்கத் தொடங்கும் என்றார். தனக்குச் சரியாகக் கேட்கும் இடத்தில் பாடினால், வெளியே அது தாழ்ந்திருக்கும். மருந்து இல்லை, பழையபடி திரும்பவும் திரும்பாதாம். இந்தக் காகிதத்தில் எழுதவே எனக்குக் கை கூசுகிறது. அவரிடம் எப்படிச் சொல்வேன்?

புனித வெள்ளி வருகிறது. அன்றைய இசை, வாத்தியமில்லாத பாட்டோடுதான் தொடங்குகிறது. வெளியூரிலிருந்து வாத்தியக்காரர்கள் வருகிறார்கள். ஆன்யா வீட்டுக்கே வந்து, "முதல் ஸ்வரத்துக்கு நான் ஆர்கன்ல மெதுவா ஒரு கட்டைய அழுத்திடறேன், யாருக்கும் தெரியாது" என்றாள். அவருக்குத் தெரியும். அந்தக் கட்டையைத்தான் பொய் என்பார். அன்றைக்கு எங்கள் தேவாலயத்தில் யாரும் கைதட்டமாட்டார்கள். முடிந்ததும் அப்படியே எழுந்து, பேசாமல் போவோம். அந்த அமைதி பக்தியா, பரிதாபமா என்று அவருக்குத் தெரியாமல் போகும். எல்லாருக்கும் தெரிந்து, அவருக்கு மட்டும் தெரியாமல் அவர் அங்கே நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

இனி எழுதப்போவதற்கு என்னை மன்னியுங்கள். நீங்கள் அந்தக் கடிதத்தில், 'ஹைடனைக்கூட விட்டுவைக்கவில்லை, அதையும் ஏற்றி வாசிக்கிறார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். லோதார் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "பாத்தியா, ஹார்ட்முட்டுக்கும் கேக்குது" என்று பல நாளைக்கப்புறம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீங்கள் கேட்டது புதிய ஒலிப்பதிவு அல்ல. நம் இளமைக்காலப் பதிவு. அதை இனி யாராலும் ஏற்ற முடியாது.

ஒருநாள் உங்கள் மருமகள் பியானோவில் உட்காரும்போது, எந்தக் கட்டை என்று சொல்லாமல் அழுத்தச் சொல்லி, பெயர் சொல்லிப் பாருங்கள். நான் நினைப்பது தவறாக இருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சரியாக இருந்தால், அவருக்கு எழுதுங்கள். மனைவி சொன்னால் அது குறை. டாக்டர் சொன்னால் அது வியாதி. நீங்கள் 'எனக்கும்' என்று எழுதினால், அவர் தன் காதை விட்டுக் கவையை நம்பி, அதைத் திரும்பக் கையில் எடுப்பார். உங்களுக்கும் வலிக்கும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். வேறு யாரைக் கேட்பேன்?

அவர் எழுந்துவிட்டார். கெண்டியில் தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்கிறது.

இப்போது நான் கேட்டுக்கொண்டிருப்பது: சமையலறையில் லோதார், புனித வெள்ளியின் முதல் பாட்டைத் தனக்குள் முனகுகிறார். கவையை மெல்லத் தட்டிப் பார்த்தேன். அரை ஸ்வரம் கீழேதான். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

உங்கள் காதுகள் நலமாக இருக்கட்டும்.

ரோஸ்விதா