பழைய மட்டைக்குப் புதுப் பிடி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அங்கே குளிர் குறைந்ததா? முதுகுவலிக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அது அலமாரியில் பத்திரமாக இருக்கிறதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிட்டாலே இவர் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார். செய்தியாக அனுப்பலாம் என்றால் என் போன் பாதி நேரம் இவர் கையில்தான். அதில்தான் கோல்ஃப் பார்க்கிறார். இவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று கேட்க எனக்குத் தபால் பெட்டியை விட்டால் வேறு கதியில்லை.

விஷயம் இதுதான். இவருக்குப் புது கோல்ஃப் செட் வேண்டுமாம்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். இந்த விளையாட்டுப் பைத்தியத்தை இவருக்குப் பிடிக்க வைத்தது நீ. எனக்குக் கணவராவதற்கு முன்பே இவர் உனக்குச் சிநேகிதர். சனிக்கிழமை விடிந்தால் இரண்டு பேரையும் வீட்டில் பார்க்க முடியாது. நீ ஊரை விட்டுக் கிளம்பும்போது உன் செட்டை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனாய். பதினான்கு வருஷமாக அந்தப் பை எங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வீட்டு ஆள் மாதிரி நிற்கிறது. இவருக்கு வேலை பல் செட் செய்யும் பட்டறையில் என்பதால், வீட்டில் யார் செட் என்று சொன்னாலும் எந்த செட் என்று கேட்டுத்தான் மேலே பேச வேண்டும். பந்து எங்காவது போய் விழுந்தால் மட்டை சரியில்லை என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் சிரிப்பேன். அந்தப் பழமொழியை இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்பு ஆரம்பித்தது. அடிக்கிற பந்து பாதித் தூரத்திலேயே விழுகிறது என்று புலம்பினார். மட்டைக்கு வயதாகிவிட்டது என்று அவரே முடிவு செய்து, ஆளுக்கு அளவு பார்த்து மட்டை செய்து தரும் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு வலைக்குள் பந்தை அடிக்கவிட்டு, கை என்ன வேகத்தில் வருகிறது என்று திரையில் காட்டுகிறார்கள். அளவுக்காரர் வயதானவர், அதிகம் பேசாதவர். இவர் பத்துப் பந்து அடித்து முடித்ததும் திரையைப் பார்க்கவில்லை, இவர் வலது கையையே பார்த்தார். இவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் பக்கம் வந்து, "மட்டையில ஒண்ணும் கோளாறு இல்லம்மா. கையை ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மெதுவாகச் சொன்னார். விற்கிற மனிதர் விற்காமல் அனுப்புகிறார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

டாக்டரிடம் போனோம். அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே, எழுதிக்கொண்டிருந்த சீட்டைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். பதினெட்டு வருஷம் மருந்துக் கடையில் நின்றவளுக்கு மருந்தின் பெயரே போதும். நோயை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. நடுக்குவாதம். "மெதுவாத்தான் கூடும், ஆனா திரும்பிப் போகாது. மாடிப்படி ஏறி இறங்குறத குறைச்சுக்கங்க. விழாம பாத்துக்கணும், அதான் முக்கியம்" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் இவர் என்னைப் பார்த்து, "மெதுவாத்தான்னு சொன்னாரே, கேட்டியா?" என்று கேட்டார். அவர் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். நானும் தலையை ஆட்டினேன்.

பட்டறையிலும் மாற்றம். மெழுகில் பல் செதுக்குகிற வேலையை எடுத்துவிட்டு, மற்றவர்கள் செய்ததைச் சரிபார்க்கிற நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். பதவி உயர்வு என்கிறார். முதலாளி நல்ல மனிதர், அவரும் அப்படித்தான் சொல்கிறார். இந்தப் பதவி உயர்வில் சம்பளம் மட்டும் உயரவில்லை.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, ஐம்பத்து நான்கு படி. போன மாதம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி அப்படியே நின்றுவிட்டார். தோளில் அந்தப் பை. நான் பதறிப்போய்ப் பார்த்தால், "இந்தச் சுவத்துக்கு எவன் இந்தக் கலர் அடிச்சான்?" என்று கேட்டார். சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்றிலிருந்து இறங்கும்போதெல்லாம் நான் அவருக்கு ஒரு படி முன்னால் இறங்குகிறேன். கேட்டைத் திறக்க வேண்டும், சாவி என்னிடம் இருக்கிறது என்று ஒரு சாக்கு. நல்லவேளை, அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துக் கீழ் வீடு காலியாகிறது. தையல்காரர் குடும்பம் மாதக் கடைசியில் கிளம்புகிறது. வாசலில் ஒரே ஒரு படி, குளியலறை அகலம், ஜன்னல் முழுக்கத் தெரு. முன்பணம்தான் இரண்டு மடங்கு. வீட்டுக்காரர் எனக்காக மாதக் கடைசி வரை காத்திருக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார். வங்கியில் போட்டுவைத்திருந்தோமே, அந்தப் பணம் முதிர்ந்து கைக்கு வந்திருக்கிறது. அது ஒன்றுக்கு ஆகும். இரண்டுக்கும் ஆகாது.

கீழ் வீட்டைப் பற்றிச் சொன்னால், "வாராவாரம் பையோட மூணு மாடி ஏறுறேன், எனக்கு எதுக்குடி கீழ் வீடு? கிழவனா நான்?" என்கிறார். ஐம்பத்து மூன்று வயது கிழம் இல்லைதான்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். கை நடுங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் தடிமனான, மெத்தென்ற பிடி இருந்தால் மட்டை வழுக்காது என்று, பிறகு நான் தனியாகப் போய்க் கேட்டபோது அந்த அளவுக்காரர் சொன்னார். பையின் ஜிப் போய்விட்டது, தைத்து வாங்குகிறேன் என்று பொய் சொல்லிச் செட்டைத் தூக்கிக்கொண்டு போய், எல்லா மட்டைக்கும் பழையதைப் போலவே கறுப்பாகப் பார்த்துப் புதுப் பிடி போட்டு வாங்கி வந்தேன். செலவோ, என்ன பிரமாதம், என் இரண்டு மாத பஸ் காசு. அந்தச் சனிக்கிழமை ஆடிவிட்டு வந்தவர் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். பந்து பறந்தது என்றார். பழைய தூரம் அப்படியே வந்துவிட்டது என்றார். என்னைச் சமையலறையில் நிற்கவிடாமல் கையைப் பிடித்து இழுத்துவந்து, துடைப்பக் கட்டையால் எப்படி அடித்தேன் என்று காட்டினார். நானும் சிரித்தேன் அண்ணா, வெகுநாளைக்குப் பிறகு சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வார்த்தை வந்தது. "பையத் தைச்சவன் மட்டையையும் நல்லா துடைச்சு வெச்சிருக்கான். துடைச்சதுக்கே இப்படின்னா, புது செட்டு வந்தா எப்படி இருக்கும்!" சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் தவணையில்லாமல் செய்து முடித்திருக்கிறேன். பிடியை மாற்றியது நான் என்று சொன்னால் எதற்கு மாற்றினாய் என்று கேட்பார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

போன புதன்கிழமை அவரே கடைக்குச் செக் எழுதிக் கொடுத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. இரண்டே நாளில் செக் திரும்பி வந்தது. பணம் இல்லாமல் இல்லை, கையெழுத்து ஒத்துவரவில்லை. நேரில் கேட்கலாம் என்று இரண்டு பேரும் போனோம். வங்கிப் பெண் பழைய கையெழுத்தைத் திரையில் காட்டினாள். நீ கேலி செய்வாயே, பெயருக்கு அடியில் இழுத்துவிடுகிற அந்த நீண்ட வால், அதுவும் இருந்தது. பக்கத்தில் இந்தச் செக். அதில் வால் இல்லை. பெயரே ஒரு அரிசி நீளம்தான் இருந்தது. அந்தப் பெண், "சார், கொஞ்சம் பெருசா போட்டுப் பாருங்க" என்று வெள்ளைத்தாள் கொடுத்தாள். நான்கு தரம் போட்டார். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக வந்தது. நான் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வரும்வரை, "அந்தப் பொண்ணு கண்ணாடிய மாத்தணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேலே ஏறி வந்து மூச்சு வாங்கியபின் செக் புத்தகத்தை என் முன்னால் வைத்தார். "கணக்கு ரெண்டு பேர்லயும் இருக்குல்ல. இனிமே நீயே போடு. யாருக்குன்னும் நீயே பாத்துக்க" என்றார். பிறகு பால்கனிக்குப் போய், பழைய மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

யாருக்கென்று நீயே பார்த்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்? கடைக்குப் போடு என்று நம்பிக் கொடுத்தாரா, தோற்றுப்போய்க் கொடுத்தாரா? கோழிக் கிறுக்கலாக வருகிற மருந்துச் சீட்டைத் தினம் முப்பது படிக்கிற எனக்கு, இந்த ஒரு வாக்கியத்தைப் படிக்கத் தெரியவில்லை.

வீடுதான் சரி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் செட் வேண்டாம் என்று நான் முடிவு செய்தால், இனி நீங்கள் ஆடப்போவதில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி. டாக்டரே சொல்லாததைப் பெண்டாட்டி சொல்லலாமா? சரி, செட்டுக்கே போடுவோம், மனிதர் ஒரு வருஷமாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று பேனாவை எடுத்தால், அந்த இரண்டாவது மாடித் திருப்பம் கண்ணுக்குள் வருகிறது. எங்களுக்கு இருக்கிறது நாங்கள் இரண்டு பேர்தான். விழுந்தால் தூக்க நான் ஒருத்திதான். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. கடையில் நின்று சில்லறை கொடுக்கும்போதுகூடப் பயமாக இருக்கிறது.

நீ சொன்னால் கேட்பார். ஆனால் நேராகச் சொன்னால் நான்தான் மூட்டிவிட்டேன் என்று தெரிந்துவிடும். அதனால் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன், சிரிக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் மாதக் கடைசிக்குள் போன் செய். அவர் ஸ்பீக்கரில் போடுவார். வீட்டுக்குப் போடு என்று உனக்குத் தோன்றினால், அங்கே வெயில் எப்படி என்று என்னிடம் கேள். செட்டுக்குப் போடு என்று தோன்றினால் மழையைப் பற்றிக் கேள். நீ எதைக் கேட்கிறாயோ அதன்படி செய்துவிடுகிறேன். பாரத்தை உன் தலையில் வைக்கிறேன், தெரிகிறது. எனக்கு வேறு தலை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணியை விசாரித்ததாகச் சொல். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். வருவதாக இருந்தாலும் மெதுவாகவே வரட்டும்.

உன் அன்புத் தங்கை

———

மச்சான்,

நான்தான். அவள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் படி.

செக் புத்தகத்தைத் திறந்தேன், உள்ளே இந்த உறை ஒட்டாமல் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுக்காதவள், இதை மறந்து வைத்துவிட்டுப் போவாளா? தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். படித்துவிட்டேன்.

பதினான்கு வருஷமாகப் பிடித்த மட்டை. பிடி மாறினது எனக்குத் தெரியாதா? பையைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஒரு பந்தும் ஐம்பது கஜம் தாண்டவில்லை. மூன்று பந்து மட்டையில் படவே இல்லை. வீட்டுக்கு வந்தால் அவள் கதவைத் திறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பறந்தது என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் சிரித்தாள், அதனால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

செட் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் நான் ஆடுகிற ஆள். கீழ் வீட்டுக்குச் சரி என்று என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன், பால்கனியில், தனியாக.

படி இறங்கும்போது ஒரு படி முன்னால் இறங்குகிறாள். சாவிக்காக இல்லை, நான் விழுந்தால் தாங்குவதற்கு. நாற்பத்தைந்து கிலோ இருப்பாளா அவள்? என் எடை உனக்குத் தெரியும்.

கை வலிக்கிறது, முடிக்கிறேன். இதை ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன். ஒட்டியிருப்பதைப் பார்த்து அவள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். நீ போன் செய். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். செக் போன பிறகு நாலு நாள் கத்துவேன், அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று அவளிடம் அப்புறம் சொல்லிவை.

மழையைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதே மச்சான்.