கற்பூரம் காட்டாத படம்

அக்கா,

இன்று ஆடி ஞாயிறு. பட்டாபிராமில் நம் தெருப் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு கோயிலுக்குப் போகிறார்கள். வேப்பிலை வாசனை மாடிவரை வருகிறது. சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எழுதவே கூசுகிறது.

வாரம் முழுக்க அம்பத்தூரில் சட்டைக் காலர் தைப்பாய். ஆடியில் உன்மேல் அம்மன் வந்தால் தெருவே உன் காலில் தண்ணீர் ஊற்றும். நானோ படம் வரைந்து, பொம்மை செய்து, வீடியோவும் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கலை என்று காட்டுபவள். "ஒரு வேலையும் படியலன்னு எல்லாத்தையும் கலக்கி கடை போட்டுகினு கீறியாடி?" என்று சிரிப்பாய். ஆனாலும் நீ ஆடுவதைப் படமெடுக்கக் கேட்டபோது, "நீதானே, எட்த்துக்கோ" என்றாய்.

கற்பூரம் காட்டினால்தான் சாமி மலையேறும், உடம்பு உனக்குத் திரும்பும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவள் நான். படத்திலிருந்து அந்தக் கற்பூரக் காட்சியைத்தான் வெட்டி எறிந்தேன். ஆட்டம் மட்டும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓடினால் கம்பீரமாக இருக்கும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் படம் ஓடிய கண்காட்சிக்கு நீ பட்டுப்புடவை கட்டி, ரயிலேறி வந்தாய். திரைமுன் வெகுநேரம் நின்றாய்.

"கற்பூரம் எங்கடி?"

"அது வேணாம்னு எடுத்துட்டேங்கா."

"மலையேத்தாம வுட்டுட்டியா? எத்தினி நாளா இப்டியே ஆடிகினு கீறேன்?"

சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள்முன் என் மானம் போவதாகத் தோன்றியது. "இது கோயில் இல்லக்கா, கலை. உனக்குப் புரியாது" என்று சிரித்தேன். நீ கிளம்பிவிட்டாய். ரயிலடி வரைகூட நான் உடன் வரவில்லை.

அடுத்த ஆடிக்கு முட்டிவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாய். காரணம் எனக்குத் தெரியும். நான்கு வீடு தள்ளித்தான் இருந்தேன். வந்து மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தை மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அதற்குப் பிறகுதான் வெட்டிய பகுதியைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் என்னைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. கற்பூரம் காட்டுகிறார்கள். நீ துவண்டு விழுகிறாய். கண் திறந்ததும் முதலில் என் பெயரைத்தான் சொல்கிறாய். "எங்க அவ? அவ கையால கொஞ்சம் தண்ணி குட்க்க சொல்லு."

என் கையில் கேமரா கொஞ்சம்கூட அசையவில்லை, அக்கா. வேறு யாரோதான் உனக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள்.