பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆஸ்பத்திரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இதென்ன புதிதாகக் கடிதம் என்று பதறாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது முழுக்க உன் அப்பாவைப் பற்றி. அதை இனிமேல் போனில் பேச முடியாது. சமையலறையில் நின்று முணுமுணுத்தால்கூடக் கூடத்திலிருந்து "என்ன?" என்கிறார். ஆமாம், காதுக் கருவி வந்துவிட்டது!

முதலில் ஒரு விஷயம். போன வருஷம் நீ வற்புறுத்தி அவரைக் காது ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாயே, டாக்டர் லீவு என்று நான் சொன்னேனே, அது சும்மா. டாக்டர் இருந்தார். இவர்தான் பார்க்காமல் வந்துவிட்டார். அங்கே ஒரு நர்ஸ் கதவைத் திறந்து பெயரைக் கூப்பிடுவாள். இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்ப்பாள், ஆள் எழுந்திருக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவாள். காது கேட்காதவர்கள் வருகிற இடத்தில் இப்படி ஓர் ஏற்பாடு. எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ தெரியவில்லை. நாற்காலிகள் வேறு சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள், கதவு முதுகுப் பக்கம். அப்பா காலையிலிருந்து அங்கே உட்கார்ந்து சுவரைப் பார்த்துவிட்டு, ஹாலைப் பூட்டும் நேரத்தில் வீடு திரும்பினார்.

அடுத்த முறை நானும் கூடவே போனேன். என் கெட்ட நேரம், நான் தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தால் அந்த நர்ஸ் இவர் முகத்துக்கு நேராக நின்று கத்திக்கொண்டிருக்கிறாள், ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்பா ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போல உட்கார்ந்திருந்தார். அப்படியே எழுந்து தெருவுக்கு வந்துவிட்டார். இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று சொன்னவர்தான், அதற்குப் பிறகு வீட்டை விட்டே அதிகம் இறங்கவில்லை. மில்லில் கூட வேலை பார்த்த நண்பர்கள் கூடும் டீக்கடைக்கும் போவதில்லை. டிவியை ஓடவிட்டு, பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். உனக்குச் சொல்லி உன்னையும் கலங்கடிப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போது ஒரு பெண் கதவைத் தட்டினாள். உன் வயதுதான் இருக்கும். அந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் வருகிறாளாம். டாக்டரைப் பார்க்காமலே திரும்பிப் போனவர்களை வீடு தேடிப் போய், ஏன் போனீர்கள் என்று கேட்பதுதான் அவள் வேலையாம். இதற்கெல்லாமா சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதாவது விற்க வந்திருப்பாள் என்றுகூட நினைத்தேன்.

அவள் அப்பாவுக்கு எதிரே, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிறுத்தி நிதானமாகப் பேசினாள். அவள் கேட்டதற்கெல்லாம் வழக்கம்போல நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்கம்மா, ஐயாவே சொல்லட்டும்" என்று சிரித்துக்கொண்டே என் வாயை அடைத்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாதா!

கேட்காமல் போவதுகூடப் பெரிதில்லை, அத்தனை பேர் திரும்பிப் பார்த்ததுதான் தாங்கவில்லை என்று அப்பா அவளிடம் சொன்னார். என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. பிறகு அவள், காது நன்றாகக் கேட்க ஆரம்பித்தால் முதலில் எதைக் கேட்க ஆசை என்று கேட்டாள். டிவி நியூஸ் என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பொண்ணு போன்ல பேசறது ஒண்ணுமே புரிய மாட்டேங்குது. அன்னிக்கு ஏதோ அழுதுகிட்டே கேட்டா. நான் சரி சரின்னு சொல்லிட்டு அவ அம்மாகிட்ட குடுத்துட்டேன். எதுக்குச் சரி சொன்னேன்னே தெரியல. அதுலேருந்து போனை எடுக்கவே பயமா இருக்கு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு தூரத்து வேலைக்குப் போகாதே என்று அவர் தடுத்தும் நீ போனாய். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், இன்னும் என் மேல் கோபமாப்பா என்று கேட்டிருக்கிறாய். அவர் சரி சரி என்று போனை என் கையில் திணித்துவிட்டார். அன்று நீ என்னிடம் அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. கோபம்தான் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். வீட்டில் நான் கத்திப் பேசுவது அவருக்குக் கேட்டதால், போனில் கேட்காமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெற்ற பெண்ணிடம் இத்தனை வைராக்கியமா என்று அவர் மேல் உள்ளுக்குள் கருவிக்கொண்டே இருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமல் போய்விட்டதே.

அந்தப் பெண் அதோடு விடவில்லை. ஆஸ்பத்திரி விடுமுறை நாளில் அப்பாவையும் அவரைப் போலத் திரும்பிப் போன வேறு சிலரையும் வரச்சொன்னாள். கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன். அங்கே போனால் டாக்டர், நர்ஸ், கேஷியர் எல்லோரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களை விட்டு அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடச் செய்தாள். பெரிய டாக்டருக்கே அவர் பெயர் கேட்கவில்லை, ஹாயாகக் கால் ஆட்டிக்கொண்டிருந்தார். பல நாள் கழித்து உன் அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு எங்களை உட்காரவைத்து, பெயர் கூப்பிடுவதற்குப் பதிலாக முதலில் எண் எரிகிற பலகை ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள். கண்ணை எடுத்தால் எண் போய்விடுமோ என்று ஒருவரும் அசையவில்லை. ஒரு பெரியவர் பாத்ரூம் போவதைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பலகையைக் கழற்றிவிட்டாள். அடுத்து ஆளுக்கொரு படம் போட்ட அட்டை. அப்பாவுக்கு வந்தது வாத்து. இந்த வயசில் எனக்கு வாத்தா, எல்கேஜியில் சேர்க்கப்போகிறீர்களா என்று சத்தம் போட்டுவிட்டார். எனக்கு மானம் போயிற்று. அவளோ ரொம்ப நல்லது, இதைச் சொல்லத்தான் உங்களை வரச்சொன்னேன் என்று வாத்துகளை எல்லாம் மூட்டை கட்டி ஓரமாக வைத்தாள்.

கடைசியில் நிலைத்தது ரொம்பச் சின்ன விஷயம்தான். நாற்காலிகளைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். பெரிய எண் எழுதிய அட்டையை நாம் உட்காரும் நாற்காலியில் மாட்டிவிட வேண்டும். நர்ஸே நடந்து வந்து, நம் முன்னால் நின்று, வாங்க என்று தலையசைப்பாள். யார் பெயரும் ஹாலில் ஒலிப்பதில்லை. அன்று கத்திய அதே நர்ஸ்தான் இப்போதும் இருக்கிறாள். நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிக் கிடந்ததாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசக் குரல் மிச்சம் இருக்கிறது என்றாள். அவளைத் திட்டியதையெல்லாம் மனசுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் அப்பாவின் முறை வந்தது. நர்ஸ் வருவதைப் பார்த்துவிட்டு, அவள் எங்கள் முன்னால் வந்து நிற்பதற்குள், நான் தொடுவதற்குள், அவரே எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் அசடு மாதிரி அழுதுகொண்டிருந்தேன். கருவியைப் பொருத்தியதும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இப்படிக் கத்தறே?" என்பதுதான். இரண்டு வருஷமாகக் கத்திப் பழகிய தொண்டை, உடனே இறங்குமா? வீட்டுக்கு வந்ததும் மின்விசிறி கிறீச்சிடுகிறது என்று ஸ்டூல் போட்டு ஏறி எண்ணெய் விட்டார். மில் புத்தி எங்கே போகும்!

கருவியோடு போனை எப்படிப் பிடிப்பது என்று அங்கேயே சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது அதே பயிற்சிதான். படுக்கையறையில் உட்கார்ந்துகொண்டு சமையலறையில் இருக்கும் எனக்குப் போன் போடுகிறார். ஹலோ, யார் பேசறது என்கிறார். நானும் விதியே என்று பதில் சொல்கிறேன். எதற்கு இந்தப் பயிற்சி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும் நேரத்துக்கு மட்டும் போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. மணி அடித்தால் பயந்துபோய் என்னிடம் நீட்டிவிடுகிறார்.

அதனால் கண்ணே, இந்த ஞாயிறு நான் மாடியில் துணி காயப்போடப் போய்விடுவேன். வேறு வழியில்லாமல் அவர்தான் எடுப்பார். பழக்கதோஷத்தில், அம்மாகிட்ட குடுங்கப்பா என்று சொல்லிவிடாதே. மெதுவாகப் பேசு. பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும், லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அன்று கேட்டதை இன்னொரு தடவை கேள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை நான் எழுத மாட்டேன், அவரே சொல்லட்டும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா