மூன்றடி மேடையும் லிஃப்ட் பட்டனும்

தூரத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்கு, சித்தி ஆசையோடு எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். உன் அம்மா சுகத்துக்கும் மேலே. சரியாகச் சொன்னால், போன ஞாயிற்றுக்கிழமை மூன்றடி மேலே. பதறாதே, முழுக்கப் படி. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

போன வருஷப் பள்ளி விழாவில் நாலு தடியன்கள் அவளைச் சக்கர நாற்காலியோடு மேடைக்குத் தூக்கி, பாதிப் படியில் சாய்த்துவிட்டார்கள். "இனிமே அம்மா மேடைப் பக்கமே போகக்கூடாது" என்று நீ என்னிடம் சத்தியம் வாங்கினாய். நானும் கொடுத்தேன். ஆனால் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், அன்றையிலிருந்து வீட்டில்கூட ஒரு வரி முணுமுணுக்கவில்லை. அதை நான் உனக்குச் சொல்லவில்லை.

இந்த வருஷம் மேடையோரம் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். பெட்டி மாதிரி இல்லை. ஒரு இரும்புத் தட்டு, சுற்றி இடுப்பளவு தடுப்பு, ஏறவும் இறங்கவும் சின்னக் கதவுகள். நாற்காலியோடு தட்டு அப்படியே மேடை மட்டத்துக்கு உயரும். அதைப் பார்த்துவிட்டு அக்கா, "ஏறுறேன். ஆனா பட்டன என் தங்கச்சிதான் அமுக்கணும். வேற யார் கையையும் நம்ப மாட்டேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியத்தை மீறினதுக்குக் கடவுளிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் இப்போது கேட்கிறேன்.

லிஃப்ட்காரர் ரெண்டு நாள் பாடம் எடுத்தார். நாற்காலிக்கு பிரேக் போட வேண்டும். கதவை முழுசாகச் சாத்தினால்தான் தட்டு நகரும். புடவைத் தலைப்பு வெளியே தொங்கக்கூடாது. தட்டுக்கு அடியில் ஏதாவது இடித்தால் தானே நின்றுவிடும். முக்கியமாக, பட்டனை விடாமல் அமுக்க வேண்டும். கையை எடுத்தால் இருந்த இடத்திலேயே நிற்கும். பாதுகாப்புக்காம். எட்டாம் வகுப்பில் இப்படிப் படித்திருந்தால் பாஸாகியிருப்பேன். காலி நாற்காலியை ஏழு தடவை ஏற்றி இறக்கினேன், ஒரு பிசகில்லை.

விழாவன்று எல்லாம் சரிபார்த்துப் பட்டனை அமுக்கினேன். அக்கா உயர்ந்தாள். "கடவுளே, நீதான் துணை" என்று என் ரெண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன. லிஃப்ட் நின்றது. ஐயையோ என்று அமுக்கினேன், நகர்ந்தது. நன்றி சொல்லக் கும்பிட்டேன், நின்றது. ஒரு சாண் ஏறுவாள், நிற்பாள். கரண்ட் போய்விட்டது என்று தலைமையாசிரியர் ஓடுகிறார். லிஃப்ட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, மெஷின்ல கோளாறு இல்ல, உங்க கையிலதான்" என்றார்.

புடவையில் மைக் குத்தியிருப்பதை மறந்து, உன் அம்மா அந்தரத்திலிருந்து கத்தினாள்: "அடியே, சாமிய நான் கும்பிட்டுக்கிறேன், நீ பட்டன அமுக்குடி!" மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள் தங்கமே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதுவரை தடுப்பை இறுக்கிப் பிடித்திருந்த கைகளை எடுத்து நிஜமாகவே கும்பிட்டாள்.

நான் ரெண்டு கையாலும் அமுக்கினேன். அவள் மேடைக்குப் போய்ப் பாட ஆரம்பித்த பிறகும் விடவில்லை. லிஃப்ட்காரர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

குரல் கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி அதே குரல். முன் வரிசையில் ஒரு காலி நாற்காலியைப் பார்த்தபடியே பாடினாள். அதில் பையை வைத்து யாரையும் உட்கார விடாதே என்று சொன்னவளும் அவள்தான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, உனக்கே தெரியும்.

அடுத்த விழாவுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். லிஃப்ட்காரரோ என்னைப் பட்டன் பக்கம் விடுவதாக இல்லை. உன் அம்மா வெளியாள் கையை நம்புவதாக இல்லை. மிச்சம் இருப்பது ஒரே கை. ஆகவே நீ வா. பட்டனை நீ அமுக்கு. நான் பக்கத்தில் நின்று ரெண்டு கையையும் நிம்மதியாகக் கூப்பிக்கொள்கிறேன்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
சித்தி