ஸ்டுடியோக் கோட்டின் இரண்டாவது பட்டன்

என் அண்ணியும், கடையில் என் சரிபாதியுமான பவளத்துக்கு,

நான் கொரியாவுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். நீ டீவியில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டாயே, அதே ஜேஜு தீவுக்கு. நிறைய விற்றுக் கொடுக்கும் கடைகளுக்கு நூல் கம்பெனி கொடுக்கிற இலவசப் பயணத்தில், இந்த முறையும் நமக்கு இரண்டு பேருக்கு இடம் வந்தது. வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்றார்கள். யாரைக் கூட்டிக்கொண்டு போவேன்? உன் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டேதான் போனேன்.

இந்தக் கடிதத்தை நம் கோயில் ஆண்டு மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். பட்டன் கடை சரசுவுக்கு என்ன வந்தது என்று சனம் கேட்கும். கேட்கட்டும். உனக்குத் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன், அண்ணி. மறைத்துச் செய்ததை மறைவாகவே மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொள்வது நேர்மையான வியாபாரம் இல்லை. நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் காலமான பிறகு, ரங்கூன் லான்மடாவ் நடைபாதையில் ஒரு தட்டில் பட்டனும் ஊக்கும் பரப்பி நாம் இருவரும் உட்கார்ந்ததை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, உனக்குப் பிள்ளை இல்லை. தட்டு கடையானது. கடை, ஷ்வேப்யிதா தையல் ஃபாக்டரிகளுக்கு நூலும் ஜிப்பும் அனுப்பும் இடமானது. பேரம் பேசுவது என் வேலை. வந்தவர்களை உட்காரவைத்துச் சிரிக்கவைப்பது உன் வேலை. எது பெரிய வேலை என்று நாம் சண்டை போட்டதே இல்லை. எனக்குத்தான் தெரியுமே, என்னுடையதுதான் பெரியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலமானால் உனக்குக் கொரியா நாடகம். கரெண்டு போய்விட்டால், ஜெனரேட்டர் வைத்திருக்கும் எதிர் டீக்கடைக்கு ஓடிவிடுவாய்.

"சரசு, இங்க வந்து பாரேன். கடலு எப்படி நீலமா கெடக்கு பாரு."

"நம்ம ஊர்ல இல்லாத தண்ணியா? ஷ்வேப்யிதாவுக்குப் போற ஜிப்பெல்லாம் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு, கட்டியாச்சு. நீ செத்தா உன்னைய ஜிப்பு வெச்ச பையிலதான் போட்டுத் தூக்கணும்."

நீ சொன்னதற்கு டீக்கடையே சிரித்தது. முந்திப் போனது நீ.

இப்போது அந்தக் காரியத்துக்கு வருகிறேன். புயல் அடித்த வருடம் கம்பெனி முதல் தடவையாக நமக்கு அந்தத் தீவுக்குப் பயணம் கொடுத்தது. கம்பெனி ஆபீஸிலிருந்து மா திடா ஃபோன் பண்ணினாள். நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பயணம் வேணாம்மா, அதுக்குப் பதிலா நூலு குடுங்க" என்றேன். கொடுத்தார்கள், பன்னிரண்டு பெட்டி. எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டபோது, கம்பெனி நம்மைப் பாராட்டிக் கொடுத்தது என்று சொன்னேன்.

புயலில் கூரை போனது, சரக்கு நனைந்தது, அதனால்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். பொய். கூரையை அதற்குள் போட்டு முடித்துவிட்டோம். ஐந்து நாள் கடையை மூட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடமும் பயணம் வரும், அப்போது கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன். பயணம் வந்தது. நீ இல்லை.

உனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போகிற வரைக்கும்.

பக்கத்து லத்தா பேட்டையில் நாம் வழக்கமாகப் போகும் ஸ்டுடியோ. படத்துக்கென்று அவன் ஒரு கருநீலக் கோட்டு மாட்டிவைத்திருக்கிறானே, ஊரில் பாதிப் பேர் அந்தக் கோட்டில்தான் வெளிநாடு போயிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு பட்டனை மாட்டினேன். இரண்டாவது பட்டன் விரலுக்கு வேறு மாதிரி பட்டது. குனிந்து பார்த்தேன். நாலு துளை, ஓரத்தில் கயிறு முறுக்கியது போல் வரி. நம் மூன்றாவது அலமாரிச் சரக்கு. ரங்கூனில் வேறு யாரிடமும் கிடையாது.

"இது எங்க கடைப் பட்டனாச்சே?"

"உங்க அண்ணி தெச்சதுதான். பட்டன் இல்லாத கோட்டுல படம் புடிச்சா எங்க கடைக்குத்தான் அவமானம்னு சொல்லிட்டு, பையிலிருந்து எடுத்து அஞ்சு நிமிஷத்துல தெச்சாங்க. ஏன், அவங்க வெளிநாடு போகலையா?"

கடைக்கு வந்து மூன்றாவது அலமாரியைக் கவிழ்த்தேன். அந்தப் பட்டன் பெட்டியின் அடியில், காகித உறைக்குள் உன் படம் ஆறு இருந்தது. ஆறும் அப்படியே. கோட்டுக்குள் நீ நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாய். கன்னத்தில் பூசிய தனாக்காக் குழம்பை அவன் துடைக்கச் சொல்லியிருப்பான். நீ அரைகுறையாகத் துடைத்திருக்கிறாய், வட்டம் தெரிகிறது. படம் எடுத்தாய் என்றால் பயணம் வந்தது உனக்குத் தெரியும். பயணம் எங்கே போனது என்பதும் தெரியுமா? தெரிந்துமா நீ அந்த நூலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து அடுக்கினாய்?

மா திடாவைக் கேட்டால் தெரிந்துவிடும். அவள் ஆபீஸ் பத்து நிமிட நடைதான். நான் போகவில்லை. பேரம் பேசுகிற இந்த வாய்க்கு அந்த ஒரு கேள்வி மட்டும் வரவில்லை.

ஒருவழியாகக் கிளம்பினோம். மா திடாதான் எங்களுக்கு வழிகாட்டி, கொரிய மொழியும் பேசுகிறாள். லத்தாவில் கடை வைத்திருக்கும் காதர் பாயும் அவர் வீட்டம்மா ஜெய்னம்புவும் வந்தார்கள். பாய் ஒரு டப்பா நிறைய பாலாச்சாங் கொண்டுவந்து, மூன்று வேளையும் சோற்றில் அந்த இறால் பொடியைத் தூவிக்கொண்டார். பஸ்ஸில் என்னைப் பார்த்து, "என்ன சரசக்கா, ரெண்டு சீட்டுக்கு ஒரு ஆளா? கம்பெனிக்கு நஷ்டமாச்சே!" என்றார். ஜெய்னம்பு அவர் தொடையில் கிள்ளினாள். "வாய வெச்சுக்கிட்டுச் சும்மா வாங்களேன்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாய் பேசிக்கொண்டே வந்திருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஊர் எப்படி என்று கேட்பாய். கல், அண்ணி. எங்கே பார்த்தாலும் கறுப்புக் கல். வயலுக்குச் சுவர், வீட்டுக்குச் சுவர், சமாதிக்குக்கூடக் கல்லை அடுக்கிச் சுவர். சுண்ணாம்பு பூசாமல் சும்மா அடுக்கியிருக்கிறார்கள். இடுக்கு வழியாகக் காற்று போய்விடுமாம், அதனால் விழாதாம். வயலெல்லாம் கடுகுப்பூ மாதிரி மஞ்சள். அதற்குப் பின்னால் உன் நீலக் கடல். நம் ஊர்த் தண்ணீர்தானே என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

பழைய அரசாங்க மாளிகை ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். ராஜா காலத்து அதிகாரி உட்கார்ந்து வழக்குக் கேட்ட இடமாம். சிவப்புத் தூண், வளைந்த ஓட்டுக் கூரை, உன் நாடகத்தில் மருமகளை முற்றத்தில் மண்டியிட வைப்பார்களே, அதே முற்றம். வாசலில் கல் கிழவர் சிலை. உருண்டைக் கண், வயிற்றில் இரண்டு கை. எல்லோரும் ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்னையும் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். கிழவரும் நானும்தான் அந்தப் படத்தில் இருக்கிறோம்.

அறையில் இரண்டு கட்டில். காலையில் நான் வெளியே போய் வருவதற்குள் யாரோ வந்து, ஆள் படுக்காத உன் கட்டிலையும் தட்டி விரித்துவிட்டுப் போவார்கள். இரண்டு கோப்பை, இரண்டு ஜோடிச் செருப்பு, இரண்டு பல்துலக்கி. வேண்டாம், ஒன்று போதும் என்று சொல்ல எனக்கு அந்தப் பாஷை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா?

மூன்றாம் நாள் ஹல்லா மலை. பஸ் பாதி மலை வரை போகிறது, பிறகு நடை. என் முட்டி உனக்குத் தெரியுமே. ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் மேலே போனார்கள், மா திடா எனக்குத் துணையாக நின்றாள். கீழே மேகம், எங்களைச் சுற்றிக் காக்கை. பையிலிருந்து உன் படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"என் அண்ணி உங்க ஆபீஸுக்கு வந்தாங்களா?"

படத்தைப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. பர்மாப் பாஷையில் மெதுவாகச் சொன்னாள். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க, ஆன்ட்டி."

அந்தப் புயல் வருடம், பயணத்துக்கு நீயும் வருகிறாயா என்று ஜெய்னம்பு உன்னைத் தெருவில் கேட்டிருக்கிறாள். நீ நேராக ஸ்டுடியோவுக்குப் போய், படத்தோடு சைக்கா ரிக்‌ஷாவில் ஏறி ஆபீஸில் இறங்கியிருக்கிறாய். பயணத்துக்குப் பதிலாக நான் நூல் வாங்கிய விஷயத்தை மா திடா உன்னிடம் சொன்னாளாம். அவள் கொடுத்த டீயை நீ முழுசாகக் குடித்தாயாம். பிறகு, "நான் வந்தத சரசுகிட்ட சொல்லிடாதம்மா. அவளுக்குச் சங்கடமாயிடும்" என்றாயாம்.

"கோபமே படலையா?"

"படலை ஆன்ட்டி. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாங்க. அந்தத் தீவுல கடல்ல முங்கிச் சிப்பி எடுக்கிற பொம்பளைங்க நெசமாவே கெழவிங்களான்னு கேட்டாங்க. ஆமா, எழுபது, எம்பது வயசுக்காரங்கதான்னு சொன்னேன். சிரிச்சாங்க. 'அப்ப எனக்கும் சரசுவுக்கும் இன்னும் டைம் இருக்கு'ன்னாங்க."

உனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அதன் பிறகு நீ இருந்தது பத்து மாதம்தான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மா திடா என் முதுகில் கை வைத்தாள், எடுக்கச் சொன்னேன். அழுதிருந்தால் நல்லது. வரவில்லை. காக்கைகள்தான் கத்திக்கொண்டிருந்தன.

மறுநாள் விடியற்காலையில், கடலுக்குள் கோட்டை மாதிரி நிற்கும் ஒரு மலைக்குப் போனோம். சூரியன் வருவதைப் பார்க்கிற இடம். எல்லோரும் படியேறினார்கள். நான் கீழே கரைக்கு இறங்கினேன். உன் கிழவிகளைப் பார்க்க வேண்டும். மா திடா பின்னாலேயே வந்தாள்.

கறுப்பு ரப்பர் உடுப்போடு ஒரு கிழவி அப்போதுதான் பிளாஸ்டிக் பேசினில் சங்கும் சிப்பியும் பரப்பி உட்கார்ந்தாள். முகமெல்லாம் சுருக்கம், கை மட்டும் குறடு மாதிரி. சங்கைக் காட்டி விலை கேட்டேன். விரலால் சொன்னாள். நான் பாதி விரலை மடக்கினேன். முடியாது என்று தலையாட்டினாள். என் கால் தானாகத் திரும்பி நடந்தது. உனக்குத்தான் தெரியுமே என் வித்தை. பத்தடி நடப்பேன், அதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள்.

கூப்பிடவில்லை. என் குதிகாலில் ஏதோ சுருக்கென்று விழுந்தது. திரும்பினால், கிழவி கை நிறையக் கல்லுப்பை அள்ளி என் பின்னால் வீசிக்கொண்டிருக்கிறாள்! வாயிலும் சரமாரியாக வருகிறது.

மா திடா ஓடிவந்தாள். "ஆன்ட்டி, இன்னைக்கு அவங்களுக்கு நீங்கதான் முதல் ஆளு. முதல் ஆளு பேரம் பேசிட்டு வாங்காமப் போனா நாள் பூரா வெளங்காதாம். அதுக்குத்தான் உப்பு."

போணி, அண்ணி! முப்பது நாடு தாண்டி வந்தது போல் இருந்த இடத்தில் நம் கடைப் போணி! முதல் ஆளை வெறுங்கையோடு நீ ஒரு நாளும் அனுப்பியதில்லை. அடக்க விலைக்கும் கீழே கேட்டால்கூடக் கொடுத்துவிட்டு, நாள் பூரா விற்கட்டும் என்று, வாங்கிய நோட்டால் அலமாரி அலமாரியாகத் தட்டிக்கொண்டு போவாய். நான் முறைப்பேன். "முதல் ஆள முகம் சுளிக்க வெச்சுட்டு எந்தக் கடையடி நடத்துவ?" என்பாய். வியாபாரி நான், ஊரான் வீட்டுப் போணியைக் கெடுத்துவிட்டு நடக்கிறேன். விலகி நடந்து நடந்து, கூப்பிட ஆளே இல்லாத இடத்துக்கு வந்துவிட்டேன்.

திரும்பிப் போனேன். கேட்ட விலையை இரண்டு கையாலும் நீட்டினேன். கிழவி கொஞ்ச நேரம் என்னை முறைத்தாள். பிறகு நோட்டை வாங்கி அதன்மேல் தூ, தூ என்று துப்புவது போல் செய்தாள். அது அவர்கள் ஊர் வழக்கமாம். நான் சைகையால் நோட்டைக் கேட்டு வாங்கி, அவள் பேசினை, சங்கை, சிப்பியை, கத்தியை, அவள் தோளை எல்லாம் நீ தட்டுகிற மாதிரித் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கிழவி முன்பல் இல்லாமல் சிரித்தாள். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துச் சங்கை அறுத்துக் கொடுத்தாள். கடலையே கடித்துத் தின்ற மாதிரி இருந்தது.

வயது கேட்கச் சொன்னேன். எழுபத்தெட்டாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி முங்கப் போகிறாளாம். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கிழவிக்கு ஒன்றும் புரியவில்லை. உன் படத்தைக் காட்டினேன். நனைந்த கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வெகு நேரம் பார்த்தாள். இவங்களும் வந்திருக்காங்களா என்று மா திடாவிடம் கேட்டாள். மா திடா என்னைப் பார்த்தாள். "ஆமான்னு சொல்லும்மா" என்றேன்.

அண்ணி, கடையில் மாலை போட்டிருந்த உன் கல்யாணப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். அந்த இடத்தில் கோட்டுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன். மாலை போடவில்லை. புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கோட்டெல்லாம் போட்டு எங்க கெளம்பிட்டாங்க?" என்று கேட்கிறார்கள். கொரியாவுக்கு என்று சொல்கிறேன். திரும்பி எப்போது வருவார்கள் என்று கேட்டால், என்ன பட்டன் வேண்டும் என்று பெட்டியைத் திறந்துவிடுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி நம் கடையில் முதல் ஆளிடம் பேரம் கிடையாது. அந்த நோட்டை நான்தான் தட்டுவேன், மூன்றாவது அலமாரியிலிருந்து ஆரம்பித்து. வருடத்தில் ஐந்து நாள், திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா விடுமுறையைச் சேர்க்காமல், கடை மூடியிருக்கும். பலகை எழுதக் கொடுத்துவிட்டேன். எங்கே போவேன் என்று தெரியாது. எங்கே போனாலும் இரண்டு கட்டில் உள்ள அறைதான் கேட்பேன்.

நீ கூப்பிட்டிருந்தால் பத்தடிக்குள் திரும்பியிருப்பாள்,
உன் நாத்தனார் சரசு
பட்டன் கடை, லான்மடாவ், ரங்கூன்